குளோசப் லென்ஸ் மாட்டி பூச்சிகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு கேமரா இருக்கிறது. அதோடு வந்த 18-55 லென்ஸும் (இந்த எண்கள் மில்லிமீட்டரில் லென்ஸின் குவியத் தூரம்), 55-250 அல்லது 70-300 போன்ற ஒரு ஜூம் லென்ஸும் இருக்கின்றன. சின்னப் பொருள்களைப் பெரிதாக எடுக்கவென்றே செய்த மேக்ரோ லென்ஸ் வாங்க இப்போதைக்குப் பணம் இல்லை. ஆனால் வீட்டு எலுமிச்சை மரத்துப் புழுவையும், சுவரில் ஈ பிடிக்கும் தாவும் சிலந்தியையும் கண், கால், ரோமம் எல்லாம் தெரிகிற மாதிரி எடுக்க ஆசை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கிற கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

குளோசப் லென்ஸ் என்றால் என்ன?

கேமரா லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்டும் மரையில் திருகி மாட்டுகிற ஒரு குவிலென்ஸ். நாற்பது வயதுக்குமேல் பேப்பர் படிக்கப் போடும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கண்ணுக்கு என்ன செய்கிறதோ, அதைத்தான் இது கேமராவுக்குச் செய்கிறது. பவரைச் சொல்லும் அளவும் அதே டயாப்டர்தான். இதில் மின்சார இணைப்பு எதுவும் கிடையாது. ஆட்டோஃபோகஸ், அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சத்தை விடும் துவாரம்) எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். வெளிச்சமும் குறையாது. மாட்டியிருக்கும்போது தூரத்தில் இருப்பவை ஃபோகஸ் ஆகாது. கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

+2, +4, +10 என்று போட்டிருக்கிறார்களே, அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

1000-ஐ அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பது மில்லிமீட்டரில் அதன் குவியத் தூரம். +2 என்றால் 500 மி.மீ., +4 என்றால் 250, +8 என்றால் 125, +10 என்றால் 100.

கேமரா லென்ஸை முடிவிலிக்கு, அதாவது மிகத் தூரத்துக்கு, ஃபோகஸ் செய்து வைத்தால், பூச்சி அந்தக் குளோசப் லென்ஸிலிருந்து சரியாக அதே தூரத்தில் இருக்கவேண்டும். +2 என்றால் 50 சென்டிமீட்டர், +4 என்றால் 25. நீங்கள் மாட்டுவது 55 மி.மீ. லென்ஸாக இருந்தாலும் 300 மி.மீ. லென்ஸாக இருந்தாலும் இந்தத் தூரம் மாறாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

அப்படியென்றால் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

கேமரா லென்ஸின் குவியத் தூரத்தைக் குளோசப் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்கவேண்டும். 250 மி.மீ.யில் +2 மாட்டினால் 250/500, அதாவது 0.5 மடங்கு: சென்சாரில் விழும் உருவம் பூச்சியின் உண்மை அளவில் பாதி. அதே 250-இல் +4 மாட்டினால் 1 மடங்கு. மேக்ரோ லென்ஸ்கள் தருகிற அளவு இதுதான். +8 மாட்டினால் 2 மடங்கு.

ஏபிஎஸ்-சி (பல கேமராக்களில் இருக்கும் நடுத்தர அளவு) சென்சார் உள்ள கேமராவில் 1 மடங்கு என்றால், சுமார் 22 அல்லது 23 மி.மீ. அகலமுள்ள பரப்பு படம் முழுக்க நிறையும். ஒரு பொறிவண்டோ தாவும் சிலந்தியோ நன்றாகவே பெரிதாகத் தெரியும். 0.5 மடங்கில் சுமார் 45 மி.மீ. அகலம், ஓர் ஊசித்தட்டான் இறக்கையை ஒடுக்கி உட்கார்ந்திருந்தால் அதற்கு இது போதும்.

என்னிடம் 18-55 மட்டும்தான் இருக்கிறது. அதில் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 55 மி.மீ.யில் +4 என்றால் 55/250, அதாவது 0.22 மடங்குதான். குளோசப் லென்ஸ் இல்லாமலே பல 18-55 லென்ஸ்கள் கிட்டத்தட்ட இந்த அளவைத் தருகின்றன. "வாங்கி மாட்டினேன், வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் குட்டை லென்ஸில் மாட்டிப் பார்த்தவர்கள்தான். குளோசப் லென்ஸுக்கு ஏற்ற துணை நீளமான ஜூம். அதிலும் 200 மி.மீ.க்கு மேல்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் முன்பக்கம் ஃபில்டர் மரை இருந்தால் குளோசப் லென்ஸ் ஓர் அருமையான வழி. மேக்ரோ லென்ஸையோ, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூபையோ அந்தக் கேமராக்களில் மாட்டவே முடியாது.

நான்கு லென்ஸ் சேர்ந்த செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே? ஏன் ஒற்றை லென்ஸுக்குச் சில ஆயிரம் கொடுக்கவேண்டும்?

+1, +2, +4, +10 என்று ஒரு சின்னப் பையில் வரும் அந்தச் செட்டில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கண்ணாடித் துண்டு. ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. நீலம் ஒரு தூரத்தில் குவியும், சிவப்பு இன்னொரு தூரத்தில். அதனால் பனித்துளி, வெள்ளைப் பூவிதழ், பளபளக்கும் வண்டின் முதுகு போன்றவற்றின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். படத்தின் மூலைகள் குழைந்துபோகும். +1, +2-இல் இது பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். +10-இல் மிக மோசம்.

விலை கூடிய வகைக்கு ஆக்ரோமேட் என்று பெயர். இரண்டு வெவ்வேறு வகைக் கண்ணாடிகளை ஒட்டி, ஒன்று பிரிக்கிற நிறத்தை மற்றொன்று திரும்பச் சேர்க்கும்படி செய்திருப்பார்கள். 1758-இல் லண்டனில் ஜான் டாலண்டு தொலைநோக்கிகளுக்காகக் காப்புரிமை பெற்ற அதே உத்தி இது. கேனான் 250டி (+4), கேனான் 500டி (+2) இரண்டும் இந்த வகை. ரேனாக்ஸ் டிசிஆர்-150 (+4.8), டிசிஆர்-250 (+8) இரண்டிலும் மூன்று கண்ணாடிகள். நிக்கானின் 3டி, 4டி, 5டி, 6டி (3T, 4T, 5T, 6T) இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய பொருள் விற்பவர்களிடம் நல்ல நிலையில் கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம். கேனான் 500டி-யைத் தேடும்போது அதே பெயரில் ஒரு கேமராவும் உண்டு என்பதை ஞாபகம் வையுங்கள். "குளோசப் லென்ஸ்" என்று சேர்த்துத் தேடினால்தான் சரியான பொருள் வரும்.

மலிவு செட் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைக்கு ஆர்வம் வருகிறதா என்று பார்க்க அதன் +2, +4 போதும். ஆனால் மேக்ரோ எடுக்கப்போவது உறுதி என்றால் நான்கு சுமாரான லென்ஸைவிட ஒரு நல்ல ஆக்ரோமேட் எவ்வளவோ மேல். நல்ல ஜூம் லென்ஸின் முன்னால் மட்டமான கண்ணாடியை வைத்தால், அந்த ஜூமுக்குக் கொடுத்த பணமும் வீண்தான்.

எந்தப் பவரை வாங்குவது?

எதை எடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வண்ணத்துப்பூச்சி, தட்டான், பெரிய புழு, கும்பிடுபூச்சி, பூக்கள் என்றால் +2. அரை மீட்டர் தள்ளி நிற்கலாம் என்பதால் பூச்சி பறந்து ஓடாது. முசுறு எறும்புக் கூட்டை எடுக்கவும் இதுதான் சரி. மா இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற அந்தச் சிவப்பு எறும்புகள், பக்கத்தில் போனால் சட்டைக்குள் ஏறிக் கடித்துவிடும்.

தாவும் சிலந்தி, பொறிவண்டு, ஈ, எறும்பு என்றால் +4 அல்லது +5. அசுவினி, பூச்சி முட்டைகள், சிலந்தியின் கண்கள் மட்டும் என்றால் +8.

முதன்முதலாக ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு என் யோசனை +4 அல்லது +5. +8 பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஆனால் அதில் ஃபோகஸ் பிடிக்கப் பழகுவதற்குள் பலர் அலுத்துப்போய் மேக்ரோவையே விட்டுவிடுகிறார்கள்.

மரை அளவு பொருந்துமா?

லென்ஸ் மூடியின் உள்பக்கம் அல்லது லென்ஸ் முகப்பில் விட்டக் குறியோடு ஓர் எண் இருக்கும்: 52, 58, 67 என்று. அதே அளவில் வாங்கலாம். வேறுபட்டால் இடையில் ஓர் அடாப்டர் வளையம் போதும், விலையும் குறைவு. குளோசப் லென்ஸ் கேமரா லென்ஸைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் நீளமான ஜூமில் மூலைகள் கறுக்காது. ஜூமைக் குறைத்தால்தான் கறுக்கும். ரேனாக்ஸ் லென்ஸ்களோடு 52 முதல் 67 மி.மீ. வரை கவ்விக்கொள்ளும் கிளிப் ஒன்று வருகிறது, திருகத் தேவையில்லை. பூச்சி கண்ணில் பட்டதும் ஒரு நொடியில் மாட்டலாம் என்பது பெரிய வசதி. முன்பே யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. தூரம் தவறு. கேமராவின் ஃபோகஸ் வளையத்தை எவ்வளவு திருகினாலும் குளோசப் லென்ஸ் மாட்டியபின் அது வேலை செய்யும் இடைவெளி மிகக் குறுகியது. 1 மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும் ஜூமில் +2 மாட்டினால் அந்த இடைவெளி தோராயமாக 50 முதல் 33 செ.மீ. வரை. அதே ஜூமில் +8 மாட்டினால் 12.5 முதல் 11 செ.மீ. வரைதான், ஒரு விரற்கடை அகலம். பூச்சி அதற்கு வெளியே இருந்தால் வியூஃபைண்டரில் வெறும் நிறக்குழம்பு மட்டுமே தெரியும்.

அதனால் பழகவேண்டியது இதுதான்: லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி முடிவிலியில் வையுங்கள். ஒரு ஸ்கேலை எடுத்து, உங்கள் குளோசப் லென்ஸின் தூரம் எவ்வளவு என்று மேசைமேல் வைத்துக் கண்ணால் பழக்குங்கள். +4 என்றால் ஏறக்குறைய ஒரு சாண். வெளியே போகும்போது அந்தத் தூரத்துக்குப் போய், உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, பூச்சியின் கண் கூர்மையாகும் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள். வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதைவிட இது வேகமானது. பூச்சியைத் தேடும்போது ஜூமைக் குறைத்து வைத்துத் தேடி, கிடைத்ததும் பெரிதாக்கலாம். லென்ஸ் முடிவிலியில் இருப்பதால் ஜூமை மாற்றினாலும் அந்தத் தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மேக்ரோ லென்ஸில் இல்லாத வசதி இது.

இடது கையால் செடியின் காம்பைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைத் தாங்கினால் காற்றில் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே அசையும். முக்காலியைவிட இந்தப் பிடி எனக்கு அதிகம் உதவுகிறது. +8 போன்ற கிட்டத் தூரத்துக்குத்தான் இது சரிப்படும். அரை மீட்டர் தள்ளி நிற்கும்போது ஒற்றைக்கால் ஸ்டாண்டோ, ஊன்றிய முழங்காலோதான் துணை.

கண் கூர்மையாக இருக்கிறது, உடம்பு மங்கிவிடுகிறது. எந்த அப்பர்ச்சர் வைக்கவேண்டும்?

எஃப் எண் கூடக்கூட அப்பர்ச்சர் துவாரம் சுருங்கும், கூர்மையாக விழும் ஆழம் கூடும். ஆனால் 1 மடங்கில் எஃப் 11 வைத்தாலும் அந்த ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இது குளோசப் லென்ஸின் குறை அல்ல. எந்தக் கருவியில் எடுத்தாலும் இவ்வளவு பெரிதாக்கினால் ஆழம் மெலிந்துதான் போகும்.

எஃப் 8-இலிருந்து எஃப் 16 வரை தாராளமாகப் போகலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸ்டென்ஷன் ட்யூபில் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப்போவதால், 1 மடங்கில் எஃப் 11 என்று வைத்தால் உண்மையில் எஃப் 22 போல நடந்துகொள்ளும். வெளிச்சமும் குறையும், ஒளி சிதறிப் படமும் லேசாக மழுங்கும். குளோசப் லென்ஸில் அப்படி இல்லை, எஃப் 11 கிட்டத்தட்ட எஃப் 11-ஆகவே இருக்கும். ஆகவே ட்யூப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லும் "எஃப் 8-ஐத் தாண்டாதே" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அப்பர்ச்சரைவிடப் பெரிய உதவி கோணம். தட்டானின் பக்கவாட்டுக்குப் போய், அதன் உடல் முழுவதும் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி நின்றால் தலைமுதல் வால்வரை ஒரே தளத்தில் விழும். முகத்துக்கு நேராக எடுப்பதென்றால் கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல படமே அப்படித்தான் இருக்கும்.

ஃபிளாஷ் கட்டாயமா?

+2 மாட்டி, காலை வெயிலில் எடுத்தால் தேவையில்லை. ஷட்டரை 1/320 அல்லது அதற்கு மேல் வைத்து, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு இவ்வளவு கிட்டத்தில் பாதிகூட உதவாது.

+4-க்கு மேல் போனால் ஃபிளாஷ் இருந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. எஃப் 11, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஃபிளாஷ் மேனுவலில் 1/16 பவர் என்று தொடங்குங்கள். குறைந்த பவரில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகமிகக் குறைவு, கை நடுக்கம் அதில் உறைந்துவிடும். அப்புறம் இன்னொரு நன்மை: குளோசப் லென்ஸில் பூச்சியின் தூரம் எப்போதும் ஒன்றே. ஒருமுறை ஃபிளாஷ் பவரைச் சரியாக அமைத்துவிட்டால் அன்று முழுவதும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் வெறும் ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள். வண்டின் முதுகு வெள்ளைப் புள்ளியாக வெந்துபோகும், நீளமான ஜூமின் நிழலும் கீழே விழும். ஒளி பெரிய பரப்பிலிருந்து, கிட்டத்திலிருந்து வரவேண்டும். பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து, ஃபிளாஷிலிருந்து லென்ஸ் முனைவரை கூரைபோல இறக்கிக் கட்டினால், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் நல்ல டிஃப்யூசர் ஆகிவிடும். லென்ஸுக்குச் செலவிட்ட கவனத்தில் பாதியையாவது இந்த ஒளிக்குக் கொடுத்தால் படங்கள் வேறு மாதிரி ஆகிவிடும்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப், ரிவர்ஸ் ரிங் (லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம்) இதைவிட மேலா?

குட்டை லென்ஸுக்கு ட்யூப், நீள லென்ஸுக்குக் குளோசப் லென்ஸ். 50 மி.மீ. லென்ஸில் 50 மி.மீ. ட்யூப் மாட்டினால் 1 மடங்கு கிடைக்கும். 250-இல் அதே 1 மடங்கு வேண்டுமென்றால் கால் மீட்டர் நீளத்துக்கு ட்யூப் தேவைப்படும், நடக்காத காரியம்.

200 மி.மீ. லென்ஸின் முன்னால் ஒரு 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் 4 மடங்கு. உண்மையில் அது +20 குளோசப் லென்ஸ்தான். அசையாத பொருளுக்கு அருமை, தோட்டத்தில் கையில் பிடித்து எடுக்கக் கஷ்டம்.

கடைசியில் மேக்ரோ லென்ஸ் வாங்கத்தானே வேண்டியிருக்கும்?

பலருக்குத் தேவைப்படாது. 250 மி.மீ.யோடு +4 சேர்ந்தால் 1 மடங்குக்குப் பூச்சியிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கலாம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் அதே அளவுக்கு, லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடையில் 15 செ.மீ. அளவுதான் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ள பூச்சிகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மூலைமுதல் மூலைவரை கூர்மை வேண்டும், தூரத்துக் காட்சியும் கிட்டத்துப் பூச்சியும் கழற்றி மாட்டாமல் ஒரே லென்ஸில் வேண்டும் என்றால் மேக்ரோ லென்ஸ்தான்.

எங்கே போய்ப் பூச்சிகளைத் தேடுவது?

மலைக்கும் காட்டுக்கும் போகவேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஓர் எருக்கஞ்செடி இருக்கும். அதன் முன்னால் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். இலைக்கடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இருப்பது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, +2-க்கு ஏற்றது. இளந்தண்டில் மஞ்சள் பொடிபோல ஒட்டியிருப்பவை அசுவினிகள், கால்கள் கறுப்பு. அவற்றைத் தின்ன பொறிவண்டும் அதன் குஞ்சுப் புழுவும் வரும். +8 இருந்தால் அந்த வேட்டையையே எடுக்கலாம். இலையை ஒடித்துவிடாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளின் இளம் புழு அப்படித்தான் மறைந்திருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். வடகிழக்குப் பருவமழை பெய்து செடிகள் துளிர்க்கிற மாதங்களில் இவை நிறையக் கிடைக்கும். மார்கழிக் காலையில் புல்வெளியில் தட்டான்கள் பனித்துளி போர்த்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி உடல் சூடாகும்வரை பறக்கமாட்டா. ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

ஃபோகஸ் பழக மிகச் சிறந்தது வீட்டுச் சுவரில் திரியும் தாவும் சிலந்தி. ஓடி ஒளியாமல் திரும்பி நின்று நம்மையே பார்க்கும். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களும் ஃபோகஸுக்கு நல்ல குறி.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அசையாது என்கிறார்களே?

செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சியின் கால்களும் உணர்கொம்புகளும் மடங்கியிருக்கும் விதம் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும், அந்தப் பூச்சியும் சாகலாம். புழுவை அதன் செடியிலிருந்து எடுத்து அழகான பூவில் வைப்பதும் வேண்டாம். பெரும்பாலான புழுக்கள் ஒரு சில செடிகளை மட்டுமே தின்னும். எலுமிச்சைப் புழு தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைபோன்ற உறுப்பை நீட்டி வாடை விட்டால், உங்களால் மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். நகர்ந்துவிடுங்கள்.

வேறு என்ன கவனிக்கவேண்டும்?

குனிந்தும் படுத்தும் எடுக்கும் வேலை இது. முழுக்கை, முழுக்கால் சட்டை போடுங்கள். மழைக்காலத்திலும் அதன்பின் வரும் குளிர் மாதங்களிலும் புதர்களில் இருக்கும் சின்ன உண்ணிகளால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருகிறது. வீடு திரும்பியதும் குளித்துத் துணியை மாற்றிவிடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் புதரில் இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் எடுப்பதென்றால் ஷூவும் டார்ச்சும் இல்லாமல் இறங்கவேண்டாம், கட்டுவிரியன் இரவில்தான் திரியும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில வண்ணத்துப்பூச்சிகளும் அடக்கம் என்பதால் எதையும் பிடித்து வைக்கவேண்டாம்.

இரண்டு குளோசப் லென்ஸைச் சேர்த்து மாட்டலாமா?

மாட்டலாம், பவர் கூடும். +2-உம் +4-உம் சேர்ந்தால் +6. பவர் அதிகமானது கேமரா பக்கம் இருக்கட்டும். இரண்டுக்குமேல் வேண்டாம்.

செல்போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் எப்படி?

கணக்கு அதேதான். செல்போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், பெரிதாகத் தெரிய மிக அதிக பவர் வேண்டும். அதனால் பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை போகவேண்டியிருக்கும். பூ, பாசி, காளான், முட்டை, நத்தைக்கு நல்லது. தட்டானுக்கு ஆகாது.

எப்படிப் பராமரிப்பது?

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் குளோசப் லென்ஸுக்கும் கேமரா லென்ஸுக்கும் நடுவில் ஆவி படியும், துடைக்கவும் முடியாது. பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். மரை இறுகிக்கொண்டால் விளிம்பைச் சுற்றி ஓர் அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, அழுத்தாமல் திருகினால் கழன்றுவிடும். கடலோர ஊர்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பதைத் தவிருங்கள்.